ஒரு மொம்மே, பதினெட்டே முக்கால் காரட்

ஜப்பானின் கோபே நகரிலிருந்து வரும் முத்து விலைப்பட்டியலில் எடை பெரும்பாலும் 'மொம்மே' என்ற அலகில் எழுதப்பட்டிருக்கும். அதே சரக்கை வாங்கும் இரத்தின வணிகரின் கணக்கேட்டிலோ காரட்டுக்குத்தான் பத்தி இருக்கும். இரண்டுக்கும் இடையிலான கணக்கு ஒரே வரியில் முடிந்துவிடும். ஒரு மொம்மே 3.75 கிராம், ஒரு காரட் 0.2 கிராம், ஆகவே ஒரு மொம்மே 18.75 காரட். எந்தக் கணிப்பானும் சொல்லிவிடும் இந்த எண்ணுக்கு ஒரு கட்டுரை எதற்கு என்று கேட்கலாம். இந்த எண்ணை எந்த வணிகரும் தராசில் நிறுத்துக் கண்டறியவில்லை. 1891இல் ஜப்பான் இயற்றிய ஒரு சட்டமும் 1907இல் பாரிசில் எடுக்கப்பட்ட ஒரு முடிவும், ஒன்றையொன்று கருதாமலேயே, சேர்ந்து உண்டாக்கிய எண் அது. அந்த ஆண்டுகளுக்கு முற்பட்ட ஓர் எடைக்கு அதை அப்படியே பொருத்தினால் விடை பிழையாகும். அதற்குப் பிற்பட்ட எடைகளிலும் அது எங்கே பொருந்தும், எங்கே பொருந்தாது என்று தெரிந்திருக்க வேண்டும்.

மொம்மே என்பது ஒரு நாணயத்தின் எடையிலிருந்து பிறந்த அலகு. சீனாவில் தாங் அரச மரபு கி.பி. 621இல் வெளியிட்ட, நடுவில் சதுரத் துளையுள்ள செப்புக் காசு, பத்துக் காசு சேர்ந்தால் ஒரு 'லியாங்' எடை என்ற கணக்கில் வார்க்கப்பட்டது. அந்தக் காசை முன்மாதிரியாகக் கொண்ட ஜப்பானில் காசுக்கு 'மொன்' என்று பெயர். ஒரு மொன்னின் எடை 'மொன்-மே' ஆகி, நாளடைவில் மொம்மே ஆயிற்று. காசை எண்ணுவதும் எடை போடுவதும் ஏறக்குறைய ஒரே வேலையாக இருந்த காலத்தின் எச்சம் அது. இன்று ஜப்பானில் புழங்கும், நடுவில் துளையுள்ள 5 யென் பித்தளை நாணயத்தின் எடையும் சரியாக 3.75 கிராம், அதாவது ஒரு மொம்மே என்பது, இந்த வரலாறு தெரிந்தவருக்குக் கையில் வைத்துப் பார்க்கக்கூடிய சான்று.

மொம்மேக்குக் கீழும் மேலும் ஓர் அலகுக் குடும்பமே இருக்கிறது. அதன் பத்தில் ஒரு பங்கு ஃபுன், நூறில் ஒரு பங்கு ரின், ஆயிரத்தில் ஒரு பங்கு மோ. மேல்நோக்கிப் போனால் பத்து மொம்மே ஒரு ரியோ, 160 மொம்மே ஒரு கின், 1,000 மொம்மே ஒரு கன். கின் மட்டும் பத்தின் மடங்குகளுக்குள் அடங்காமல் நிற்பதற்குக் காரணம், பதினாறு லியாங் ஒரு ஜின் என்ற சீன வழக்கை அது பின்பற்றியதே. பழைய ஆவணங்களைப் படிப்பவர்களுக்கு இன்னொரு வழக்கமும் தெரிந்திருக்க வேண்டும். எண் பூச்சியத்தில் முடிந்தால் மொம்மே என்று முழுதாகச் சொல்லாமல் வெறும் 'மே' என்பதே மரபு. நூறு மொம்மே 'ஹியாக்குமே' என்றே எழுதப்பட்டிருக்கும்.

எடோ காலத்தில், அதாவது 17ஆம் நூற்றாண்டின் தொடக்கம் முதல் 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி கடந்தும், தராசுக்கல் செய்யும் உரிமை கோத்தோ குடும்பத்துக்கு மட்டுமே அளிக்கப்பட்டிருந்ததால் நாடு முழுவதும் எடை ஓரளவு சீராக இருந்தது. அந்தக் காலத்து மொம்மே ஏறத்தாழ 3.73 கிராம். எடோ காலத்தை அடுத்து வந்த மெய்ஜி ஆட்சி 1871இல் புதிய நாணயச் சட்டத்தைக் கொண்டுவந்தபோது அதை 3.7565 கிராம் அளவுக்கு நிர்ணயித்தது. ஜப்பான் 1885இல் மீட்டர் உடன்படிக்கையில் சேர்ந்து, 1890இல் பிரான்சிலிருந்து தனக்கான கிலோகிராம் மூலப்படியைப் பெற்றுக்கொண்டது. அதற்கு அடுத்த ஆண்டு இயற்றிய அளவைச் சட்டத்தில், ஒரு கன் என்பது அந்தக் கிலோகிராமில் நான்கில் பதினைந்து பங்கு, அதாவது 3.75 கிலோ என்று வரையறுத்தது. மக்கள் புழங்கிய பெயரை அப்படியே வைத்துக்கொண்டு, அடியில் இருந்த அளவுகோலை மட்டும் மெட்ரிக்குக்கு மாற்றிய திறமையான ஏற்பாடு என்றே இதைச் சொல்ல வேண்டும். அன்று முதல் மொம்மே, ஜப்பானியப் பெயர் தாங்கிய ஒரு மெட்ரிக் அளவுதான்.

காரட்டின் கதை ஒரு விதையில் தொடங்குகிறது. மத்தியதரைக் கடல் நாடுகளில் வளரும் கரோப் மரத்தின் விதைக்குக் கிரேக்கத்தில் 'கெராட்டியோன்' என்று பெயர். அது அரபியில் 'கீராத்' ஆகி ஐரோப்பிய மொழிகளுக்குள் நுழைந்தது. நம் பொற்கொல்லர்கள் மஞ்சாடியையும் குன்றிமணியையும் தராசில் இட்டதற்கும் அவர்கள் கரோப் விதையை இட்டதற்கும் வேறுபாடு ஒன்றுமில்லை. கரோப் விதைகள் எல்லாம் ஒரே எடையில் இருக்கும் என்று நெடுங்காலமாகச் சொல்லப்பட்டு வந்தாலும், 2006இல் வெளியான ஓர் ஆய்வு, மற்ற மரங்களின் விதைகளைப் போலவே அவற்றின் எடையும் கணிசமாக மாறுபடுகிறது என்று காட்டியது. ஆனால் மனிதக் கண் ஒத்த அளவுள்ள விதைகளைப் பொறுக்கி எடுக்கும் திறன் கொண்டது என்பதையும் அதே ஆய்வு சொன்னது. விதையின் சீர்மை மரத்திலிருந்து வந்ததைவிடப் பொறுக்கிய கையிலிருந்து வந்ததே அதிகம் என்று கொள்ளலாம்.

விதை ஊருக்கு ஊர் மாறினால் காரட்டும் மாறும். 19ஆம் நூற்றாண்டின் இறுதிவரை இலண்டன் காரட் ஏறத்தாழ 205 மில்லிகிராம், பிளாரன்ஸ் காரட் ஏறத்தாழ 197 மில்லிகிராம் என்று ஒவ்வொரு நகரமும் ஒவ்வொரு காரட்டை வைத்திருந்தது. 1905இல் தென்னாப்பிரிக்காவில் கண்டெடுக்கப்பட்ட கல்லினன் வைரத்தின் எடை அன்று 3,025¾ காரட் என்று அறிவிக்கப்பட்டது. இன்றைய நூல்களில் அதே கல் 3,106 காரட்டுக்கும் சற்று மேல் என்று இருக்கும். கல் வளரவில்லை, காரட்தான் சிறுத்தது. 1907இல் பாரிசில் கூடிய நான்காவது எடை அளவைப் பொது மாநாடு 200 மில்லிகிராம் கொண்ட மெட்ரிக் காரட்டை ஏற்றது. அமெரிக்கா 1913இலும் பிரிட்டன் 1914இலும் அதற்கு மாறின. ஆகவே முதல் உலகப் போருக்கு முந்தைய ஓர் இலண்டன் ஏல அட்டவணையில் காரட் என்று கண்டால், முதலில் அதைக் கிராமுக்கு மாற்றி, பிறகே மொம்மேக்குப் போக வேண்டும், நேராக 18.75ஆல் வகுத்தால் நூற்றுக்கு ஏறத்தாழ இரண்டரை எடை குறைந்துவிடும். கல்லினனை இன்றைய காரட்டிலிருந்து கணக்கிட்டால் 165.69 மொம்மே, அதாவது ஒரு கின்னும் அதன்மேல் ஐந்தே முக்கால் மொம்மேக்குச் சற்றுக் குறைவும் வருகிறது.

இனி எண்ணுக்கு வருவோம். 3.75ஐ 0.2ஆல் வகுத்தால் 18.75, பின்னமாகச் சொன்னால் நான்கில் எழுபத்தைந்து பங்கு. இரண்டு அலகுகளும் கிராமை வைத்து முற்று முழுதாக வரையறுக்கப்பட்டிருப்பதால் இது தோராயம் அல்ல, துல்லியமான விகிதம். மொம்மேயிலிருந்து காரட்டுக்குப் போகும்போது பெருக்கல் எப்போதும் முடிவுள்ள தசமத்தில் நிற்கும்: ஒரு ஃபுன் 1.875 காரட், ஒரு ரின் 0.1875 காரட், ஒரு கின் சரியாக 3,000 காரட், ஒரு கன் 18,750 காரட். மறுதிசையில் அப்படி இல்லை. 75க்குள் மூன்று ஒளிந்திருப்பதால், ஒரு காரட் 0.05333… மொம்மே என்று முடிவில்லாமல் நீளும். மூன்றால் வகுபடாத எந்தக் காரட் எண்ணும் இந்த வாலை இழுத்துக்கொண்டே வரும். மனக்கணக்குக்கு ஒரு குறுக்குவழி உண்டு. 18.75 என்பது இருபதிலிருந்து அதன் பதினாறில் ஒரு பங்கைக் கழித்தது. ஆகவே மொம்மேயை இருபதால் பெருக்கி, வந்ததில் வீசத்தைக் கழித்தால் காரட் கிடைத்துவிடும். வீசம் என்றால் பதினாறில் ஒன்று என்று இன்னும் நினைவிருக்கும் தமிழ்க் காதுக்கு இது எளிது. எட்டு மொம்மேக்கு 160, அதில் வீசம் 10, மீதி 150 காரட்.

வாலை எங்கே வெட்டுவது என்பதுதான் நடைமுறையில் சிக்கலைக் கொண்டுவருகிறது. காரட் கணக்கில் இரண்டு தசம இடங்கள் வழக்கம். நூறில் ஒரு காரட்டை நம் வைர வணிகர்கள் 'சென்ட்' என்பார்கள், அது 2 மில்லிகிராம். மொம்மேயிலும் பழக்கத்தின் பேரில் இரண்டு இடங்களோடு நிறுத்தினால், நூறில் ஒரு மொம்மே 37.5 மில்லிகிராம் என்பதால், கிட்டத்தட்ட பத்தொன்பது சென்ட் அகலமுள்ள சல்லடையில் எடையைச் சலித்ததாகிவிடும். 7.36 காரட் எடையுள்ள ஒரு கல்லை எடுத்துக்கொள்வோம். அது 0.392533… மொம்மே. இதை 0.39 என்று எழுதி வைத்துவிட்டுப் பிறகு ஒருவர் காரட்டுக்குத் திருப்பினால் 7.31 காரட் வரும். ஐந்து சென்ட் காணாமல் போயிருக்கும். 0.393 என்று எழுதினால் 7.37, ஒரு சென்ட் கூடியிருக்கும். 0.3925 என்று நான்கு இடங்கள் எழுதினால்தான் 7.36 திரும்பக் கிடைக்கும். சென்ட் தப்பாமல் இருக்க வேண்டுமானால் மொம்மேயில் நான்கு தசம இடங்கள் தேவை என்பது பொது விதி. இயன்றால் மூல எடையைக் கிராமிலேயே குறித்து வைப்பது இதைவிட நல்லது.

ஆனால் வைரத்தையோ நீலக்கல்லையோ யாரும் மொம்மேயில் விற்பதில்லை; ஜப்பானில் அப்படி விற்பது சட்டப்படியும் இயலாது. 1951இல் வந்த அளவைச் சட்டம் பழைய அலகுகளை வணிகத்திலிருந்து விலக்க வழிசெய்தது. 1959 தொடங்கியபோது கன்னும் கின்னும் கடைகளிலிருந்து வெளியேறின. 1992இல் புதுப்பிக்கப்பட்டு இன்று நடைமுறையில் இருக்கும் சட்டத்தின் கீழான அலகுப் பட்டியலில், குறிப்பிட்ட பயனுக்கு மட்டும் அனுமதிக்கப்பட்ட சில அலகுகள் உண்டு: இரத்தினங்களின் எடைக்குக் காரட், தங்க நாணயங்களுக்கு டிராய் அவுன்ஸ், முத்துக்கு மொம்மே. பழைய ஜப்பானிய எடை அலகுகளில் சட்டத்தின் கதவுக்கு உள்ளே நிற்பது இது ஒன்றுதான். மொம்மேக்கென்று ஜப்பானில் உருவாக்கப்பட்ட சித்திர எழுத்து 2010இல் பொதுப் பயன்பாட்டு எழுத்துப் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது. எழுத்து போனது, அலகு இருக்கிறது.

முத்து மட்டும் ஏன் தப்பியது என்றால், உலக முத்து வணிகத்தின் மொழியை ஜப்பானே எழுதியது என்பதுதான் காரணம். மிகிமோட்டோ கோகிச்சி 1893இல் தோபாவை அடுத்த கடலில் அரைக்கோள முத்தை வளர்த்துக் காட்டியதும், அதன்பின் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நிஷிகாவா தோகிச்சியும் மிசே தத்சுஹெயும் உருண்டை முத்துக்கான முறையை வகுத்ததும், முத்தைக் கடலின் தற்செயலிலிருந்து விளைச்சலாக மாற்றின. விளைச்சலை ஒவ்வொன்றாக நிறுக்க முடியாது. கூறு கட்டி, தரம் பிரித்து, மொத்தமாகவே நிறுக்க வேண்டும். ஜப்பானின் அக்கோயாச் சிப்பியில் விளைந்த, 7 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒரு முத்தின் எடையை, அடர்த்தியை 2.7 என்று கொண்டு கணக்கிட்டால் 0.485 கிராம், ஏறக்குறைய 2.4 காரட் வரும். ஒரு மொம்மேக்கு எட்டு முத்துக்குச் சற்றுக் குறைவு. கைப்பிடி முத்தை நிறுப்பதற்கு மொம்மே தோதான அலகு. கோபே வணிகர்களுடன் பேரம் பேச வந்த வெளிநாட்டார் அந்தச் சொல்லைக் கற்றுக்கொண்டு போனார்கள். அவர்கள் எல்லோரையும் மறக்கச் செய்வதைவிட ஒரு விதிவிலக்கு எழுதுவது அரசுக்கு எளிதாக இருந்திருக்கும்.

கோத்த சரத்தின் எடை ஒரு செய்தியை உள்ளடக்கியது. பதினாறு அங்குலச் சரத்தில் 7 மில்லிமீட்டர் முத்து ஏறக்குறைய 58 பிடிக்கும். எடை 28 கிராம், ஏழரை மொம்மே. அதே நீளத்தில் 8 மில்லிமீட்டர் முத்தானால் 51 போதும், ஆனால் எடை 37 கிராமை நெருங்கிப் பத்து மொம்மேக்குச் சற்றுக் கீழே நிற்கும். ஒற்றை முத்தின் எடை விட்டத்தின் முப்படியாகவும், நீளம் மாறாத சரத்தின் எடை விட்டத்தின் இருபடியாகவும் ஏறுவதால், அனுபவமுள்ளவர் சரத்தின் மொம்மே எடையைக் கேட்டே முத்தின் சராசரி அளவைச் சொல்லிவிடுவார். துளையிட்டபோது இழந்த எடை, நூல், கொக்கி ஆகியவை இந்தக் கணக்கைக் கொஞ்சம் கலைக்கும் என்பதால், எடையில் அவை சேர்ந்தனவா என்று கேட்டுத் தெரிந்துகொள்வது அவசியம். இது புதிய கவலை அல்ல. தஞ்சைப் பெரிய கோயிலுக்கு இராசராச சோழன் அளித்த முத்து நகைகளைப் பதிந்த கல்வெட்டுகள், கழஞ்சு, மஞ்சாடி, குன்றி என்று எடையைச் சொல்வதோடு, சரடு நீக்கியா, அரக்கு உட்படவா என்பதையும் சேர்த்தே பொறித்திருக்கின்றன. நம் மன்னார் வளைகுடாச் சிப்பியும் ஜப்பானின் அக்கோயாச் சிப்பியும் நெருங்கிய உறவு என்பதையும், 1973இல் மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் அழகர்சாமி தூத்துக்குடியை அடுத்த வேப்பலோடையில் அந்தச் சிப்பியிலேயே முத்து வளர்த்துக் காட்டினார் என்பதையும் இந்த இடத்தில் நினைத்துக்கொள்ளலாம்.

3.75 கிராம் என்ற எண்ணைக் கிழக்காசியா முழுமைக்கும் பொதுவென்று நினைப்பவர்கள் ஏமாறுவார்கள். கொரியாவில் குழந்தையின் முதல் பிறந்தநாளுக்கு அளிக்கும் தங்க மோதிரம் ஒரு 'தொன்', அது 3.75 கிராம், தைவானின் 'சியென்' அலகும் அதே எடை. இரண்டும் ஜப்பானிய ஆட்சியின் சுவடுகளைத் தாங்கியவை. ஹாங்காங் தங்கச் சந்தையின் அதே பெயர் அலகு 3.743 கிராம், சீனப் பெருநிலத்தின் இன்றைய சியென் 5 கிராம். எழுத்து ஒன்றாகவே இருக்கும், எடை வேறு. பட்டுத் துணிக்குச் சொல்லப்படும் '19 மொம்மே', '22 மொம்மே' என்பது எடையே அல்ல. ஒரு சதுர மீட்டருக்கு இத்தனை கிராம் என்ற அடர்த்தி, அங்கே ஒரு மொம்மே ஏறத்தாழ 4.34 கிராம். எடோ காலத்து ஒசாகா கணக்கேடுகளில் ஒரு பொருளின் விலை இருபது மொம்மே என்றிருந்தால் அது வெள்ளிப் பணம். 1700 முதல் 'ரியோ' என்ற தங்க நாணயம் ஒன்றுக்கு 60 வெள்ளி மொம்மே என்பது அரசு நிர்ணயித்த மாற்று விகிதம். நம் பக்கத்துக் குழப்பம் காரட்டில் இருக்கிறது. 22 காரட் தங்கம் என்னும்போது அது எடையைக் குறிப்பதில்லை, இருபத்து நான்கில் எத்தனை பங்கு தூய பொன் என்பதைக் குறிக்கிறது. உரோமானியரின் 'சாலிடஸ்' பொற்காசு 24 கரோப் விதை எடை என்று கணக்கிடப்பட்டதால் ஒரே சொல் இரண்டு வேலைக்கும் வந்து நின்றது.

முத்துக்கு மூன்றாவது அலகு ஒன்றும் உண்டு. இயற்கை முத்தை ஐரோப்பியர் 'முத்து கிரெயின்' என்ற அலகில் நிறுத்தனர். அது காரட்டில் கால் பங்கு, 50 மில்லிகிராம். ஆகவே ஒரு மொம்மேக்கு 75 முத்து கிரெயின், முழு எண். மருந்துக்கும் துப்பாக்கிக் குண்டுக்கும் பயன்படும் 64.8 மில்லிகிராம் கிரெயினை இதோடு கலந்துவிடக் கூடாது. எலிசபெத் டெய்லரிடம் இருந்து 2011இல் ஏலம் போன லா பெரெக்ரினா முத்து, துளையிட்டுத் தூய்மை செய்வதற்கு முன் 223.8 கிரெயினும் பின் 202.24 கிரெயினும் இருந்தது. 75ஆல் வகுத்தால் முன்பு மூன்று மொம்மேக்குச் சற்றே குறைவு, இப்போது 2.70 மொம்மே.

விலையை மாற்றும்போது திசை திரும்புகிறது. எடையை மொம்மேயிலிருந்து காரட்டாக்க 18.75ஆல் பெருக்குகிறோம், மொம்மேக்கு இவ்வளவு என்ற விலையைக் காரட்டுக்கு இவ்வளவு என்றாக்க அதே எண்ணால் வகுக்க வேண்டும். மொம்மேக்கு 30,000 யென் என்றால் காரட்டுக்கு 1,600 யென். இதில் தடுமாறுபவர்கள் பலர். ஆனால் இந்த விதி வளர்ப்பு முத்துக்கு மட்டும்தான் போதும். இயற்கை முத்தின் விலையைப் பழைய வணிகர்கள் எடையின் வர்க்கத்தை வைத்துக் கணக்கிட்டார்கள். பெரிய முத்து அரிது, அதன் விலை எடையைவிட விரைந்து ஏறும் என்பதே அதன் பொருள். ஐரோப்பாவில் கிரெயினின் வர்க்கத்தை ஓர் அடிப்படை விலையால் பெருக்கினார்கள். இந்திய முத்து வணிகத்தின் 'சவ்' கணக்கும் எடையின் வர்க்கத்தை முத்துகளின் எண்ணிக்கையால் வகுப்பதையே அடித்தளமாகக் கொண்டது. பத்து கிரெயின் முத்துக்கு அடிப்படை விலை இரண்டு என்றால் மொத்தம் 200. இதையே மொம்மேயில் சொல்ல விரும்பினால் முத்தின் எடை 0.1333 மொம்மே, அடிப்படை விலையை 75ஆல் அல்ல, 75இன் வர்க்கமான 5,625ஆல் பெருக்கி 11,250 என்று கொண்டால்தான் அதே 200 வரும். கூறு கட்டி மொம்மே விலையில் விற்கும் வளர்ப்பு முத்துக்கு இந்த வர்க்கக் கணக்கு தேவைப்படவில்லை. அளவு வாரியாக முன்பே சலித்துப் பிரித்துவிடுவதால், பெரிய முத்துக்கான கூடுதல் மதிப்பு அந்தந்தக் கூறின் மொம்மே விலைக்குள்ளேயே அடங்கிவிடுகிறது.